உப்பளத்து விளக்கை இரண்டு முறை செய்தேன்

சிங்கப்பூரில் எங்கள் பம்பு பட்டறையில் வெல்டராக இருக்கும் அண்ணனுக்கு வேதாரண்யம் பக்கம் ஊர். 2022இல் இரண்டு வருடக் காத்திருப்புக்குப் பிறகு விடுப்பில் போய்வந்தவர், ஒரு முறுக்கு டப்பாவையும் ஒரு பழைய சோலார் விளக்கையும் என் மேசையில் வைத்தார். "தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க. கஜா புயலுக்கு அப்புறம் நான்தான் வாங்கி அனுப்பினேன். இப்ப பத்து நிமிஷம்கூட எரிய மாட்டேங்குது."

கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. மின்கம்பங்கள் சாய்ந்து, டெல்டா கிராமங்கள் பல நாள், சில இடங்களில் வாரக்கணக்கில், இருட்டில் கிடந்தன. அந்த நாட்களில் இங்கே விடுதியில் இருந்த அந்தப் பக்கத்துக்காரர்கள் தூங்கவே இல்லை. கையில் இருந்த காசுக்குக் கிடைத்த விளக்கை வாங்கி, ஊருக்குப் போகிற யார் கையிலாவது கொடுத்துவிட்டார்கள். இதுவும் அப்படிப் போனதுதான். மின்சாரம் திரும்ப வந்த பிறகு விளக்கு வீட்டில் இருக்கவில்லை, அண்ணியோடு உப்பளத்துக்குப் போய்விட்டது. வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் அளத்தில் விடியற்காலை மூன்று மணிக்கே இறங்கிவிடுவார்கள். அங்கே மூன்று என்றால் இங்கே ஐந்தரை. அண்ணன் விடுதி வாசலில் லாரி ஏறுகிற நேரம். ஏறும் முன் இருவரும் ஒரு நிமிடம் போனில் பேசிக்கொள்வார்கள். இதைப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். முதலிலேயே தெரிந்திருந்தால் முதல் விளக்கை வேறு மாதிரி செய்திருப்பேன்.

ஜூரோங் வெஸ்டில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளக்கைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு திருகுகூட இல்லை. மேல்மூடியும் அடிப்பாகமும் உருக்கி ஒட்டப்பட்டிருந்தன. பழைய கத்தி ஒன்றைச் சூடாக்கி விளிம்பைச் சுற்றி அறுத்துத்தான் திறக்க முடிந்தது. உள்ளே முதலில் கண்ணில் பட்டது உப்பு. சுவிட்சின் இரும்புத் தகடு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. செம்புக் கம்பி, ஈயப்பற்று வைத்த இடத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. கடல் அவ்வளவு தூரம் உள்ளே வந்திருந்தது.

அப்புறம் மீட்டரை வைத்தேன். 4 வோல்ட் சீல் செய்த ஈய-அமில பேட்டரி 1.3 வோல்ட் காட்டியது, செத்த பேட்டரி. பேனல் 1 வாட் என்று அச்சிட்டிருந்தது. மேல்பூச்சு மஞ்சளித்துப் பால் போல மங்கியிருந்ததால், நண்பகல் வெயிலில் தாழ்வாரத்தில் பிடித்தும் 60 மில்லி ஆம்பியருக்கு மேல் ஏறவில்லை. பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையே மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு டையோடு, அவ்வளவுதான். பேட்டரி அளவுக்கு மீறி இறங்கினால் துண்டிக்க எதுவும் இல்லை. ஈய-அமில பேட்டரியை தினமும் அடிவரை காலி செய்தால் தகடுகளில் சல்பேட் இறுகிப்போய் ஒன்றிரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும்.

காலி செய்தது எது என்று தேடினேன். பக்கவாட்டில் போன் சார்ஜ் போடும் துளை ஒன்று இருந்தது. மற்ற இடமெல்லாம் மங்கிக் கிடக்க, அந்தத் துளை மட்டும் தேய்ந்து பளபளத்தது. கணக்குப் போட்டேன். 1 வாட் பேனல், நல்ல வெயில் ஐந்து மணி நேரம் என்றால் 5 வாட்-மணி, இழப்பு போக மூன்றரை நிற்கும். இன்றைய போன் பேட்டரி ஒன்று 15 வாட்-மணி. ஒரு போனை நிரப்ப அந்த விளக்கு நான்கு நாளுக்கு மேல் வெயிலில் கிடக்க வேண்டும். அந்தத் துளையை வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது. வாங்குகிறவர் அட்டைப்பெட்டியைப் பார்த்து வாங்குகிறார், பெட்டியில் போன் படம் இருந்தால் விலை போகும். இங்கே வாங்கினவர் அண்ணன், அங்கே இருட்டில் இருந்தவர் அண்ணி. காசு கொடுப்பவரும் பயன்படுத்துபவரும் வேறு வேறு ஆளாக, அதுவும் இரண்டு நாட்டில் இருக்கும்போது, இந்த மாதிரிப் பொருள்தான் விற்கிறது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

முதல் முறை எனக்கு எது நல்லது என்று தெரியுமோ அதைச் செய்தேன். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சிம் லிம் டவருக்குப் போய் 32700 அளவுள்ள லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் செல் ஒன்று வாங்கினேன். 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-மணி, அதாவது 19 வாட்-மணி. எடை 150 கிராமுக்குள். ஈய-அமிலம் சில நூறு முறை ஏற்றி இறக்கினால் முடியும் இடத்தில் இது ஆயிரக்கணக்கில் தாங்கும். 5 வாட் பேனல் ஒன்றும் எடுத்தேன். சார்ஜ் செய்யும் மாட்யூலில்தான் தவறினேன். கைவசம் இருந்த டிபி4056ஐ அவசரத்தில் போட்டுவிட்டேன். அது சாதாரண லித்தியம் அயானுக்கானது, 4.2 வோல்ட் வரை ஏற்றும். அயர்ன் ஃபாஸ்பேட்டுக்கு 3.6 வோல்ட்டோடு நிறுத்த வேண்டும். மீட்டர் 3.9 காட்டியபோதுதான் கவனித்துக் கழற்றினேன். அந்தச் செல்லை ஊருக்கு அனுப்ப மனம் வரவில்லை. இன்னொன்று வாங்கி, 3.6 வோல்ட்டுக்கு அமைத்துக்கொள்ளக்கூடிய டிபி5000ஐப் போட்டேன். இதைச் செய்து பார்ப்பவர்கள் இந்த ஓர் இடத்தில் நின்று நிதானமாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1 வாட் எல்இடி, 5 வோல்ட் போன் துளை, ரப்பர் உறை போட்ட சுவிட்ச், மூடி ஓரத்தில் சிலிக்கோன் பசை. தண்ணீர்க் குழாயடியில் பத்து நிமிடம் பிடித்தேன், ஒரு சொட்டு இறங்கவில்லை. 2023 தொடக்கத்தில் அண்ணனின் அறைத்தோழர் ஒருவர் ஊருக்குப் போனபோது கொடுத்தனுப்பினேன். லித்தியம் என்பதால் கைப்பையில் வைத்து எடுத்துப்போகச் சொன்னேன். மொத்தச் செலவு 40 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். என் உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஏழு மாதம் நன்றாக எரிந்தது. அதற்கப்புறம் நின்றுவிட்டது.

அண்ணனின் போனில் வீடியோ அழைப்பு போட்டு, அன்றைக்குத்தான் அண்ணியிடம் முதல்முறை நேராகப் பேசினேன். பெட்டியை போன் முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டினார். சுவிட்சை அமுக்கினால் ஒரு சமயம் எரிகிறது, ஒரு சமயம் இல்லை. சுவிட்ச் போயிருக்கிறது, அவ்வளவுதான். பத்து ரூபாய்ப் பொருள். "கடைத்தெருவுல எலக்ட்ரீசியன்கிட்ட காட்டினேன் தம்பி. திறந்து பாத்துட்டு, இந்த நீல பேட்டரி என்னன்னு எனக்குத் தெரியல, தொட்டா வெடிச்சாலும் வெடிக்கும், வேணாம்மான்னு மூடிக் குடுத்துட்டாரு. அப்பறம் பரண்ல போட்டுட்டேன்."

எலக்ட்ரீசியன் சொன்னதில் தப்பே இல்லை. தெரியாததைத் தொடாமல் விட்டது பொறுப்பான காரியம். சிலிக்கோன் பூசி, கம்பிகளை நேரடியாகப் பற்றவைத்து, எந்தக் கம்பி எதற்கு என்று ஒரு குறிப்பும் இல்லாமல் அனுப்பியது நான்தான்.

அன்றிரவு எனக்கு எங்கள் தெரு அடிபம்புதான் ஞாபகம் வந்தது. என் ஊர் கிணத்துக்கடவு பக்கம். எங்கள் தெருமுனையில் இருந்தது இந்தியா மார்க் 2 பம்பு. அந்தப் பம்புக்கே ஒரு கதை உண்டு. அதற்கு முன்னால் இருந்த வார்ப்பிரும்பு பம்புகள் ஒரு வீட்டுக்கு என்று செய்தவை. ஊரே நாள் முழுக்க அடித்ததால் உடைந்து உடைந்து கிடந்தன. 1970களில் யுனிசெஃப், சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் நிறுவனம் போன்றவர்கள் சேர்ந்து, சோலாப்பூரில் உருவான ஒரு பம்பை அடிப்படையாக வைத்து மார்க் 2வைச் செய்தார்கள். அதன் மாதிரிகளை கோயம்புத்தூர் பக்கத்துக் கிராமங்களில்தான் வைத்துப் பார்த்தார்கள். உறுதியான பம்பு, அதில் சந்தேகமில்லை. லட்சக்கணக்கில் உலகமெங்கும் போயிற்று.

ஆனால் அடியில் இருக்கும் வாஷர் தேய்ந்தால்? நூறடிக்கும் கீழே போகும் இரும்புக் குழாய் மொத்தத்தையும் ஒவ்வொரு துண்டாகத் தூக்கிக் கழற்ற வேண்டும். முக்காலி, செயின், ஐந்தாறு ஆட்கள், யூனியன் ஆபீஸ் வண்டி. வண்டி வரும்வரை அம்மா பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குக் குடத்தோடு போவார். வாஷர் என்னவோ உள்ளங்கையில் அடங்கும். இதைப் பார்த்துத்தான் 1980களில் கோவைப் பக்கத்திலேயே மறுபடி சோதித்து மார்க் 3 கொண்டுவந்தார்கள். குழாயை இரண்டரை அங்குலத்துக்கு அகலமாக்கினார்கள். பிஸ்டனை அதன் வழியே கம்பியோடு மேலே இழுத்துவிடலாம், குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும். அகலக் குழாய் என்பதால் விலை கூடுதல். ஆனால் ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர், கொஞ்சம் கருவிகளோடு, வண்டிக்குக் காத்திராமல் வாஷர் மாற்றிவிடலாம். பம்பு பட்டறையில் இத்தனை வருடம் குப்பை கொட்டிய எனக்கு இது மனப்பாடம். விளக்கு செய்யும்போது ஏனோ தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்றும் யோசித்தேன். சிங்கப்பூரில் ஆள் கூலி அதிகம், பொருள் மலிவு. ஒரு மின்விசிறி கெட்டால் பழுதுபார்க்கும் கூலிக்குப் புதிதே வந்துவிடும் என்று கீழே கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். ஆண்டுக்கு 60,000 டன் மின்கழிவு சேரும் ஊர் இது. இங்கே பழகிய கைக்கு "பழுதே வராத மாதிரி இறுக்கி மூடிவிடு" என்றுதான் புத்தி போகும். வேதாரண்யத்தில் கணக்கு தலைகீழ். திருப்புளியைக் கையில் எடுத்து உட்காரும் ஆள் கடைத்தெருவில் இருக்கிறார், அவருக்குக் கொடுக்கிற கூலியும் கொடுக்கக்கூடியதுதான். பொருள்தான் கிடைக்காது. கிடைத்தாலும் அன்றைக்குக் கையில் காசு இருக்க வேண்டும்.

அந்தக் காசு விஷயமும் அண்ணி சொல்லித்தான் புரிந்தது. உப்பளத்தில் கூலி வெயில் காலத்தில் மட்டும்தான். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்தியெல்லாம் தண்ணீர், வேலை இல்லை. "மார்கழில கெட்டுப்போனா மாசி பங்குனி வரைக்கும் அப்படியே கெடக்கும் தம்பி." அவருக்கு ஆண்டு வருமானம் என்று ஒரு தொகை கிடையாது. வரும் மாதம், வராத மாதம் என்று இரண்டுதான். கர்நாடகத்தில் 1995இல் செல்கோ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹரீஷ் ஹண்டே, சோலார் விளக்கை ஏழைகளுக்கு விற்கப் போனபோது தெருவோர வியாபாரிகளிடம் கற்றதும் இதேதான். மாதம் 300 ரூபாய் என்றால் முடியாது, தினம் 10 ரூபாய் என்றால் முடியும். கூட்டினால் ஒரே தொகை. ஆனால் கையில் காசு வருகிற விதம் வேறு.

இந்த முறை மேசையில் எதையும் வாங்கி வைக்கும் முன் அண்ணியிடம் கேள்விகளாகக் கேட்டேன். மூன்று ஞாயிறு பிடித்தது. விளக்கை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் என்னை உட்காரவைத்துவிட்டது. "வரப்புல வச்சா என் நிழலே பாத்தில விழுது. கையில பிடிக்க முடியுமா? உப்பு வாருற பலகைக்கு ரெண்டு கையும் வேணும். தலையில மாட்டுற மாதிரி லைட்டு இருந்தாத்தான் தோது. நான் டவுன்ல டார்ச்சு ஒண்ணு வாங்கிட்டேன். உங்க பெட்டி போனுக்கும் கொட்டகைக்கும்தான்." ஐந்து வருடமாக அண்ணனும், அப்புறம் நானும் வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். அவர் வெளிச்சத்துக்குத் தனியாக வழி செய்துகொண்டார். பெட்டியிடம் அவர் கேட்டது, விடியற்காலை ஒரு நிமிடம் பேசப் போனில் சார்ஜ் இருக்க வேண்டும் என்பதை.

பேட்டரிக்கு அவரையே டவுனில் விசாரிக்கச் சொன்னேன். கடைக்காரர் சொன்னது: எந்த நாளும் ஸ்டாக் இருப்பது 6 வோல்ட் 4.5 ஆம்பியர் பேட்டரி. ஏன் என்று கேட்டால், தராசு. மளிகைக்கடை, மீன்கடை, காய்கறிக் கடை எல்லாவற்றிலும் எலக்ட்ரானிக் தராசு, அதற்குள் இந்த பேட்டரிதான். ஊரில் தராசு இருக்கும்வரை இந்த பேட்டரி வந்துகொண்டே இருக்கும். அதன் எடை 700 கிராம், என் லித்தியம் செல்லைப் போல ஐந்து மடங்கு, ஆயுளும் குறைவு. பொறியியல் பாடமாகப் பார்த்தால் பின்னோக்கிப் போவதுதான். தெரிந்தே அதை எடுத்தேன்.

இரண்டாவது பெட்டி இப்படி. பழைய சாப்பாட்டு டப்பா போன்ற பிளாஸ்டிக் பெட்டி, நான்கு மூலையிலும் பித்தளைத் திருகு, சாதாரண பிளஸ் தலை. உள்ளே எதையும் எதோடும் நேரடியாகப் பற்றவைக்கவில்லை, எல்லாக் கம்பியும் திருகு வைத்த கனெக்டர் பட்டையில் வந்து சேரும். இணைப்புகள் மேல் உப்புக் காற்று படாமலிருக்கக் கிரீஸ் தடவினேன், மிதிவண்டிக் கடையில் கிடைக்கும் அதே கிரீஸ். சுவிட்ச் வீட்டுச் சுவரில் பொருத்தும் சாதா சுவிட்ச். அது உப்பில் போகும் என்று தெரியும், போனால் பெட்டிக்கடைக்குப் பக்கத்திலேயே வேறொன்று வாங்கலாம்.

பேனலை மாற்ற வேண்டியிருந்தது. 6 வோல்ட் ஈய-அமிலத்தை ஏற்ற, வேலை செய்யும் நிலையில் 9 வோல்ட் தரும் பேனல் வேண்டும், பழையதில் அது வராது. 5 வாட்டே போதும். கட்டுப்பாட்டுப் பலகையை, வோல்ட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் எல்எம்358 சில்லை வைத்து நானே செய்தேன். 7.2 வோல்ட்டைத் தொட்டால் பேனலைத் துண்டிக்கும், 5.9க்கு இறங்கினால் போனையும் விளக்கையும் துண்டிக்கும். இந்தச் சில்லு டிவி பழுதுபார்க்கிற எந்தக் கடையிலும் இருக்கும், சாக்கெட்டில் வைத்திருப்பதால் விரலால் பிடுங்கி மாற்றலாம். 5.9இல் நிறுத்துவதால் பேட்டரியின் 27 வாட்-மணியில் பாதியைத்தான் எடுக்க முடியும். ஒரு போனை முழுதாக நிரப்பவும் அது கொஞ்சம் போதாது. இதை அண்ணியிடம் மறைக்காமல் சொன்னேன். "பாதி ஏறினாலே ரெண்டு நாளைக்குப் பேசலாம்" என்றார். அங்கே கிடைக்காத ஒரே பொருள் போனுக்கான 5 வோல்ட் மாட்யூல். அதில் இரண்டு உபரியை மூடியின் உட்புறம் டேப் போட்டு ஒட்டினேன்.

மூடியின் மறுபக்கத்தில் சுற்றுப்படம், முழுக்கத் தமிழில், கம்பியின் நிறத்தையும் எழுதி, மேலே பிளாஸ்டிக் உறை. இதை வரைய ஒரு மாலை முழுதும் ஆயிற்று. பெட்டியைச் செய்ததைவிட அதிகம் யோசித்தது இதற்குத்தான்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. ஈயம். பழைய பேட்டரிக்கு அங்கே விலை உண்டு என்பது இதன் பலம், லித்தியம் செல்லை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதே ஈயத்தைக் கொல்லைப்புறத்தில் உடைத்து உருக்கினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு ரத்தத்தில் ஈயம் கவலைப்படும் அளவுக்கு இருப்பதாக 2020இல் யுனிசெஃபும் பியூர் எர்த் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து அறிக்கை விட்டன. முறையில்லாமல் பேட்டரி உருக்குவது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இந்தியாவில் 2001இலிருந்தே விதி இருக்கிறது. அதனால் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் பேட்டரி கடையிலேயே கொடுங்கள் என்று அண்ணியிடம் சொன்னேன். "அவரு வாசலுக்கே வர்றாரு, கடைக்கு நான்ல பஸ் ஏறிப் போகணும்" என்றார். மூடியில் சிவப்பு மையில் எழுதியும் வைத்தேன். புதியது வாங்கும் அன்றைக்கே பழையதைக் கையோடு கொண்டுபோனால் பஸ் செலவு ஒன்றுதான் என்று பேசி வைத்திருக்கிறோம்.

பெட்டி 2024இல் அண்ணனோடேயே போயிற்று. இந்த முறை பேட்டரி இல்லாமல், காலிப் பெட்டியாக. பேட்டரியை அண்ணி டவுனில் வாங்கி, அன்றைக்குத் தொடாமல் மூடிக்கொடுத்த அதே எலக்ட்ரீசியனிடம் கொடுத்து மாட்டவைத்தார். எனக்கு அது முக்கியமாகப் பட்டது. முதல் நாளே அவர் கை உள்ளே போயிருக்கிறது.

போன மாதம் ஒரு படம் அனுப்பினார்கள். பெட்டி திறந்திருக்கிறது. நான் வைத்த சுவிட்ச் இல்லை, அந்த இடத்தில் வேறு சுவிட்ச். பேனல் கம்பி எலி கடித்ததால் பாதியில் ஒட்டுப்போட்டு, மேலே தோட்டக் குழாய்த் துண்டைக் கோத்திருக்கிறார் அந்த எலக்ட்ரீசியன். என் சுற்றுப்படத்தின் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு தேதிகள், ஒரு அம்புக்குறி, "இங்க ஃபியூஸ் இல்லை" என்று ஒரு வரி. அவர் எழுதியது சரிதான். பேட்டரியிலிருந்து வரும் கம்பியில் ஃபியூஸ் போட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். அடுத்த விடுப்புக்கு 3 ஆம்பியர் ஃபியூஸும் ஹோல்டரும் வாங்கித் தருகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போனைக் காட்டினார். பைக் மெக்கானிக் கடையில் வாங்கி, நேற்றே மாட்டிவிட்டார்களாம்.